திருட்டுப் பதிவுகளுக்கு ஒரு வந்தனம்

கைதட்டலை வெட்டிவிட்டார்கள், ஐயா!

என் கோபத்துக்குக் காரணம் அவ்வளவுதான். (இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.) 1958ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி இரவு, லிஸ்பன் நகரில் ஸான் கார்லோஸ் என்ற புராதனமான அரங்கில், மரியா காலஸ் அம்மையார் வெர்டியின் 'லா டிராவியாட்டா'வில் வியோலெட்டாவாகத் தோன்றிப் பாடினார். அவருக்குக் காதலனாக நின்றவர், அப்போது முப்பதே பிராயமான ஆல்ஃப்ரெடோ க்ராவுஸ். அந்த இரவின் பதிவை நான் எத்தனையோ தடவை கேட்டவன்; எந்த இடத்தில் சபையில் யார் இருமுவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அதே பதிவு, 'நவீன முறையில் பரிசுத்தம் செய்யப்பட்டது' என்ற விளம்பரத்தோடு சென்ற வாரம் கண்ணில் படவே, ஆவல் மேலிட்டுக் காசு கொடுத்து வாங்கி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரைச்சல் இல்லை. இருமல் இல்லை. முதல் அங்கத்தின் முடிவில், அந்த அசாத்தியமான பாட்டைக் காலஸ் பாடி நிறுத்தியதும் அரங்கம் அதிர எழும் கரகோஷமும் இல்லை! போதாக்குறைக்கு, யாருமற்ற கோயில் மண்டபத்தில் தனியே நின்று பாடினாற்போல ஓர் எதிரொலியையும் பூசிவைத்திருக்கிறார்கள்.

("நல்லதுதானே, சந்தடி இல்லாமல் பாட்டு மட்டும் கேட்கிறதே?" என்றாள் என் மனைவி. மூன்றாம் அங்கத்தில் வியோலெட்டா க்ஷயரோகத்தில் கிடந்து உயிர்விடும்போதெல்லாம் "இந்த அம்மாளுக்கு இன்னுமா குணமாகவில்லை?" என்று விசாரிக்கிறவள் அவள். அவளோடு இந்த விஷயத்தில் தர்க்கம் செய்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.)

அந்தக் கரகோஷத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு அபிமானம் என்றால், அது இல்லாவிட்டால் இந்தப் பதிவு ஏன் உண்டாயிற்று என்பதே விளங்காது. காலஸ் 1953ஆம் வருஷம் சேத்ரா என்ற இத்தாலியக் கம்பெனிக்காக 'டிராவியாட்டா'வை ஒருமுறை பாடிக் கொடுத்தார். அந்த ஒப்பந்தத்தில், சில ஆண்டுகளுக்கு அதே ஓபராவை வேறு எந்தக் கம்பெனிக்கும் பாடக்கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? 1955ஆம் வருஷம் மே மாதத்தில் மிலானில் லா ஸ்காலா அரங்கில், விஸ்கோன்டி மேடை அமைக்க, ஜூலினி வாத்தியக் கோஷ்டியை நடத்த, காலஸ் இதே பாத்திரத்தில் ஊரையே உருக்கிவிட்டார். ஆனால் சில மாதங்கள் கழித்து அதே லா ஸ்காலாவின் பெயரால் ஈ.எம்.ஐ. கம்பெனி 'டிராவியாட்டா'வைப் பதிவு செய்தபோது, பாடியவர் அன்டோனியெட்டா ஸ்டெல்லா. நடத்தியவரோ, காலஸை ஆளாக்கிவிட்ட குருவாகிய துல்லியோ ஸெராஃபின். குருவின் மேல் சிஷ்யைக்கு வந்த கோபம் பிரசித்தமானது. ஸ்டெல்லா நல்ல பாடகிதான், குறை சொல்லவில்லை. ஆனால் உலகத்திலேயே அந்தப் பாத்திரத்துக்கென்று பிறந்த ஒருத்தி, தன் சக்தியின் உச்சத்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, ஒரு காகிதத்தில் எழுதிய ஷரத்துக்காக மைக்கின் முன்னால் வேறொருவரை நிறுத்தினார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே காலஸின் வியோலெட்டா அதன் பரிபக்குவத்தில் எப்படி இருந்தது என்பதை அறிய, அரங்கத்திலிருந்தும் வானொலியிலிருந்தும் பிடித்துவைத்த பதிவுகளைத் தவிர நமக்குக் கதி இல்லை. லிஸ்பன் பதிவு ரகசியமாகக் கைமாறி, வதந்தியாகப் பரவி, கடைசியில் 1980இல் அதே ஈ.எம்.ஐ.யே அதை முறைப்படி வெளியிட வேண்டியதாயிற்று! டெரன்ஸ் மெக்னாலி என்ற அமெரிக்க நாடகாசிரியர் அந்தப் பதிவின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நாடகம் எழுதினார். அதைக் கேட்டே தீரவேண்டும் என்று தவிக்கும் ஒரு பைத்தியம் அதில் வருகிறது. அந்தப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கட்சி இதுதான்: ஓபராவில் கம்பெனிகள் பெரும்பாலும் பதிவு செய்தது ஒப்பந்தங்களை, பாட்டைப் பதிவு செய்தவர்கள் திருடர்கள். (விதிவிலக்கு உண்டு. 1953ஆம் வருஷம் காலஸ், டி ஸ்டெஃபானோ, கோபி மூவரையும் வைத்து டெ ஸபாடா நடத்திய 'டோஸ்கா' கம்பெனிச் சரக்குதான். அதற்கு ஈடாக ஒரு திருட்டுப் பதிவைக் காட்டு என்று யாராவது மடக்கினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.)

இந்தத் திருட்டுக்கு ஆதிபுருஷர் ஒருவர் உண்டு. லையனல் மேப்பிள்ஸன் என்பது அவர் நாமதேயம்; நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் ஸ்வரப் பிரதிகளைப் பராமரிக்கும் நூலகராக உத்தியோகம் பார்த்தவர். 1900ஆம் வருஷம் எடிசனின் மெழுகு உருளை யந்திரம் ஒன்றை வாங்கினார். பாடகர்கள் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுப்பதற்காக மேடையின் முன்விளிம்பில் ஒரு பெட்டி இருக்குமல்லவா, அதற்குள் முதலில் யந்திரத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். பிறகு மேடைக்கு மேலே, திரைச்சீலைகளை ஏற்றி இறக்கும் கயிற்றுப் பாலங்களின் உயரத்துக்கே அதைக் கொண்டுபோய், பிரும்மாண்டமான ஒரு குழலைப் பொருத்தி, கீழே நடப்பதைப் பிடிக்கலானார். ஓர் உருளையில் அடங்குவது இரண்டு மூன்று நிமிஷம். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது உருளை தீர்ந்துபோகும். அடுத்ததை மாட்டுவதற்குள் திரை விழுந்துவிடும். இப்படியே 1903 வரை நடந்தது. மிஞ்சிய உருளைகள் நூற்றுக்கு மேல். பெரும்பகுதி இப்போது நியூயார்க் பொதுநூலகத்தில் இருக்கிறது.

கேட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? முதல் தடவை ஒன்றுமே தெரியாது. அடுப்பில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மாத்திரம் இருக்கும். அதற்கு அப்பால், எங்கேயோ, ஒரு மனிதக் குரல் எழும்பி மறையும். ழான் டி ரெஷ்கே என்ற போலந்து தேசத்து டெனர் (உயர்ந்த ஆண்குரல் பாடகர்), பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓபரா உலகத்தையே ஆண்டவர். அவருடைய சாரீரத்துக்கு இன்று நம்மிடம் உள்ள சாட்சி இந்த மேப்பிள்ஸன் உருளைகள்தாம். அவரை நேரில் கேட்டவர்கள் எழுதிய புகழுரைகளை எல்லாம் படித்துவிட்டு, 1901ஆம் ஆண்டின் அந்த உருளையைப் போட்டால், ஒரு வாக்கியம் கேட்கும், இன்னொரு வாக்கியத்தில் பாதி கேட்கும், அவ்வளவுதான். அந்தப் பாதி வாக்கியத்திலும் அவர் ஸ்வரத்தைப் பிடிக்கும் அலட்சியமான கம்பீரம் எனக்குக் கேட்கிறது. உங்களுக்குக் கேட்காவிட்டால் அது என் பிரமையாகவும் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

(அடுத்த அநியாயத்தைக் கேளுங்கள். பெயர்பெற்ற டெனர் கரூஸோ அதே மெட்ரோபாலிடனில் முதன்முதலாகப் பாடியது 1903ஆம் வருஷம் நவம்பர் 23ஆம் தேதி. அதற்குள் மேப்பிள்ஸன் கடையைக் கட்டிவிட்டார்.)

கரூஸோவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அவரைக் கம்பெனியே பிடித்துக்கொண்டது. 1902ஆம் வருஷம் ஏப்ரல் 11ஆம் தேதி, மிலான் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில், ஃப்ரெட் கெய்ஸ்பர்க் என்பவர் யந்திரத்தை வைத்துக்கொண்டு, பத்துப் பாட்டுக்களை நூறு பவுனுக்குப் பாடவைத்தார். இவ்வளவு பெருந்தொகை கூடவே கூடாது என்று லண்டன் ஆபீஸிலிருந்து தந்தி வந்ததாகவும், அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் கதை. அதே கெய்ஸ்பர்க்தான் அந்த வருஷமே கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து, நவம்பர் மாதத்தில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புளகாங்கிதம். கரூஸோ பாடிய குழலும் கௌஹர் ஜான் பாடிய குழலும் ஒரே மனிதரின் கைப்பட்டவை!

அந்தக் காலத்துத் தட்டுக்களில் என்னைப் பித்தாக அடிப்பவை, நாடகம் பிறந்தபோதே உடனிருந்தவர்களின் குரல்கள். வெர்டியின் 'ஒதெல்லோ' 1887இல் லா ஸ்காலாவில் அரங்கேறியபோது ஒதெல்லோவாக நின்ற டமான்யோ, 1903இல் தம் மாளிகையில் பாடிக் கொடுத்த தட்டுக்கள் இருக்கின்றன. இயாகோவாக நின்ற விக்டர் மோரெல்லும் பாடியிருக்கிறார். வெர்டி அவருக்காகவே எழுதிய ஃபால்ஸ்டாஃபின் குட்டிப் பாட்டு ஒன்று, 1907இல் பதிவானது. பாட்டு அரை நிமிஷம். தட்டிலோ இடம் நிறைய. என்ன செய்தார்கள் தெரியுமா? அறையில் நாலு பேரை நிறுத்திவைத்து, பாட்டு முடிந்ததும் கைதட்டி 'இன்னொரு முறை' என்று கூவச் செய்து, மறுபடி பாடி, மறுபடி கூவி, மூன்றாம் முறை பிரெஞ்சு பாஷையிலும் பாடி, தட்டை நிரப்பிவிட்டார்கள். 1907இல் இல்லாத கைதட்டலை வேலைமெனக்கெட்டு உண்டாக்கினார்கள். இன்று இருக்கிற கைதட்டலை வெட்டுகிறார்கள்!

பழைய தட்டுக்களில் இரைச்சல் ஒரு பொருட்டே அல்ல, வேகம்தான் பொருட்டு. 'எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு' என்று நாம் சொல்வதெல்லாம் பிற்காலத்து ஒழுங்கு. 1902ஐ ஒட்டிய தட்டுக்கள் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் எந்த வேகத்திலும் வெட்டப்பட்டிருக்கும். நிமிஷத்துக்கு 73.6 சுற்றில் வெட்டிய தட்டை 78இல் சுழலவிட்டால், பாட்டு சரியாக அரை ஸ்வரம் உயர்ந்துவிடும். சுருதி மாத்திரமா உயர்கிறது? மூச்சு குறைகிறது, குரலின் அதிர்வு ஆட்டுக்குட்டியின் கத்தலாகிறது, ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுப் பையனாகிவிடுகிறார்.

'ஸ்வரப் பிரதியில் எந்தச் சுருதி என்று பார்த்து, அதற்கு வேகத்தைச் சரிப்படுத்திவிட்டால் போயிற்று' என்பீர்கள். நானும் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன். ஃபெர்னாண்டோ டி லூசியாவிடம் வந்ததும் அந்தச் சாமர்த்தியம் செல்லவில்லை. நேப்பிள்ஸ்காரரான இந்த டெனர், மாஸ்காக்னியின் 'அமீகோ ஃப்ரிட்ஸ்' 1891இல் அரங்கேறியபோது நாயகன். கரூஸோ இறந்தபோது அவருடைய இறுதிச் சடங்கில் பாடியவரும் இவரே. மேல் ஸ்தாயியில் அவருக்குச் சங்கடம் உண்டு. ஆதலால் பாட்டை அரை ஸ்வரமோ, ஒரு ஸ்வரமோ, அதற்கு மேலுமோ இறக்கி வைத்துக்கொண்டு பாடுவார். எவ்வளவு இறக்கினார் என்பது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. ஆக, அச்சடித்த சுருதியை நம்பினால் ஒரு டி லூசியா. அரை ஸ்வரம் இறக்கினால் வேறொரு டி லூசியா. ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் மூன்றாவது ஒருவர் வந்து நிற்கிறார். இவர்களில் மெய்யானவர் யார் என்று ரசிகர்கள் வெகுகாலமாகச் சண்டையிட்டு வருகிறார்கள்.

நான் கடைசியில் கண்டுபிடித்த உபாயம், சங்கீதத்தை மறந்துவிட்டு அவர் வார்த்தைகளை உச்சரிப்பதைக் கேட்பது. 'ர'கரத்தை உருட்டும்போது நாக்கு ஒரு மனிதனின் நாக்கு அசையக்கூடிய வேகத்தில் அசைகிறதா? வேகம் அதிகமானால் உருட்டல் சிலிர்ப்பாகிவிடும். குறைந்தால் தூக்கக் கலக்கம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில், திடீரென்று, அறையில் ஒருவர் வந்து நிற்பது போன்ற நிச்சயம் உண்டாகும். அந்த இடத்தில் பார்த்தால், தட்டு பெரும்பாலும் நான் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே சுழன்றுகொண்டிருக்கும். இந்தச் சோதனையை விஞ்ஞானம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேண்டாம்.

மறுபடி திருடர்களிடம் வருகிறேன். 1950களில் வீட்டு டேப் யந்திரங்கள் வந்த பிறகு இந்தக் கலை அமோகமாக வளர்ந்தது. எட்வர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1956இலிருந்து 1971 வரை 'ஓபராவின் பொற்காலம்' என்ற பெயரில் தனிப்பட்ட சந்தாதாரர்களுக்கு மட்டும் தபாலில் தட்டுக்கள் அனுப்பிவந்தார். உறையில் அவர் அச்சிட்ட தேதியும் ஊரும் பாடகர் பெயரும் பல வேளைகளில் கட்டுக்கதை. அவற்றில் எது நிஜம் எது பொய் என்று தரம்பிரிக்கவே மூன்று அறிஞர்கள் சேர்ந்து ஒரு தடித்த புஸ்தகம் எழுத நேர்ந்தது! பொய்யர்தான், ஆனால் அவர் இல்லாவிட்டால் எத்தனை வானொலி இரவுகள் காற்றோடு போயிருக்கும்!

மெக்ஸிகோ நகரத்து 'ஐடா'வை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அங்கத்தின் முடிவில், வெற்றி ஊர்வலத்தின் ஆரவாரமெல்லாம் ஒன்றுசேரும் இடத்தில், வெர்டி எழுதாத ஒரு தாரஸ்தாயி ஸ்வரத்தைக் காலஸ் எடுத்து, முழுக் கோரஸுக்கும் வாத்தியங்களுக்கும் மேலே, முடிவு வரை பிடித்து நிறுத்திவிடுகிறார். 1950ஆம் வருஷத்துச் சங்கதி. முந்தைய நூற்றாண்டில் ஆஞ்ஜெலா பெரால்டா என்ற மெக்ஸிகோ தேசத்துப் பாடகி அதை அப்படிப் பாடியதாக அரங்க நிர்வாகி சொல்லித் தூண்டினாராம்; கூடப் பாடிய கர்ட் பாவும் என்ற டெனர் தம் உச்ச ஸ்வரங்களை அளவுக்கு மீறி நீட்டி மற்றவர்களின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தாராம்; அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த ஸ்வரம் பிறந்தது என்பார்கள். அடுத்த வருஷமும் வந்து, டெல் மொனாகோ என்ற டெனர் பக்கத்தில் நிற்க, மறுபடி பாடினார். ஒலி கரகரப்பு, தகர டப்பாவுக்குள் ஊர்வலம் போகிறது. அந்த ஸ்வரம் மட்டும் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறது. கம்பெனியின் அறையில் இத்தகைய அடாவடி நடக்குமா? மானேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி நிறுத்தியிருப்பார்.

கம்பெனியின் அறையில் நடப்பது வேறு. 1952இல் லண்டனில் ஃபுர்ட்வாங்லர் நடத்திய 'டிரிஸ்டான்' பதிவில், இஸோல்டாவாகப் பாடிய மகாவித்வாம்ஸினி கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாடுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது; மேலே இரண்டு உச்ச ஸ்வரங்களை மட்டும் எலிஸபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் பக்கத்தில் நின்று பாடிக் கொடுத்தார். விஷயம் வெளியே கசிந்தபோது ஃப்ளாக்ஸ்டாட் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. அந்தப் பதிவு உன்னதமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் இஸோல்டாவைக் கேட்பதில்லை, தையலைத் தேடுகிறேன்.

லேலா ஜென்ஸருக்கு அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. துருக்கி தேசத்தில் பிறந்து, இத்தாலியில் வாழ்ந்து, 2008இல் மிலானில் மறைந்து, தம் அஸ்தியைப் பாஸ்பரஸ் ஜலசந்தியில் கரைக்கச் செய்த இந்த அம்மையாரைக் கம்பெனிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காலஸுக்கு ஒரு கம்பெனி, டெபால்டி என்ற இன்னொரு பாடகிக்கு ஒரு கம்பெனி. மூன்றாமவருக்கு இலை போட இடமில்லை. விளைவு, அவர் பெயரே 'கொள்ளைக்காரர்களின் ராணி' என்றாகிவிட்டது. டோனிஸெட்டியின் மறந்துபோன ராணிகளை எல்லாம் மீட்டுக்கொண்டு வந்தவர்களில் அவர் முதல் வரிசையில் நிற்பவர். 1964இல் நேப்பிள்ஸில் 'ரோபெர்ட்டோ தெவெரோ'. 1967இல் ஃப்ளாரன்ஸில் 'மரியா ஸ்டுவார்டா'. நேப்பிள்ஸ் பதிவில் கிழ எலிஸபெத் ராணி, காதலனின் தலை விழுந்த செய்தி கேட்டபின் பாடும் கடைசிக் காட்சி இருக்கிறது. குரலை நூலாக மெலித்து ஆகாசத்தில் மிதக்கவிடுவார். அடுத்த கணமே நெஞ்சின் அடியிலிருந்து, கேட்கவே பயமான ஒரு கர்ஜனை வரும். இரண்டுக்கும் இடையில் உள்ள இணைப்பு எல்லா இடத்திலும் வழவழப்பாக இல்லை என்று குறை சொல்வார்கள். வாஸ்தவம். ராணி வழவழப்பாக அழவேண்டும் என்று யார் சொன்னது?

மக்டா ஒலிவேரோவின் சமாசாரமும் இதே. 1941இல் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டவர். 'அட்ரியானா லெகூவ்ரர்' இயற்றிய சிலேயா, சாவதற்கு முன் தம் அட்ரியானாவை மறுபடி கேட்கவேண்டும் என்று மன்றாடினார். 1951இல் ஒலிவேரோ திரும்பி வந்தார்; சிலேயாவோ சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். 1959 நவம்பரில் நேப்பிள்ஸில் டெபால்டிக்கு உடம்பு சரியில்லாமற் போக, அவசர அவசரமாக அழைக்கப்பட்டு, கோரெல்லி, ஸிமியோனாட்டோ, பாஸ்டியானினி மூவரோடும் அட்ரியானாவாக நின்றார். இத்தகையவரிடம் கம்பெனிகள் முழுசாகப் பதிவு செய்து வாங்கிய ஓபராக்கள் இரண்டே இரண்டு: 1938இல் 'டுராண்டாட்', அதிலும் லியூ என்ற அடிமைப் பெண்ணின் வேஷம், பிறகு 1969இல் 'ஃபெடோரா'. நடுவில் முப்பது வருஷம்! நியூயார்க் மெட்ரோபாலிடன் அவரை முதன்முதலில் மேடையேற்றியது 1975இல், அறுபத்தைந்து வயதில்.

புதிதாகக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அந்த 1959 'அட்ரியானா'வில் ஆரம்பியுங்கள். டெலிபோனின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். இரைச்சலை நீக்குகிற பொத்தான் எது இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். நான் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாயிற்று, முதலில் போவது இரைச்சலல்ல, 'ஸ'காரங்களும் மூச்சும்தான். மேடைக்கு முன்னால் ஒளிந்திருந்து ஒரு குரல் அடியெடுத்துக் கொடுப்பது இத்தகைய பதிவுகளில் காதில் விழுந்தால், திடுக்கிடாதீர்கள். அவரும் சம்பளத்துக்கு வந்தவர்தான். முதற் சில நிமிஷங்கள் கரகரப்பு உறுத்தும், அப்புறம் தெரியாது. கடைசி அங்கம் வரையிலும் உறுத்திக்கொண்டே இருந்தால், ஜென்ஸரின் 'தெவெரோ'வைப் போட்டுப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லையானால், என் மனைவியிடம் கேளுங்கள். பொழுதைப் போக்க வேறு நல்ல வழிகள் பல அவளுக்குத் தெரியும்.